விரலுக்கேற்ற வீக்கம்



மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் மேலூர்ப் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். மரச்சக்கரத்தின் சுற்றளவைவிட இரும்பு வளையத்தைக் கொஞ்சம் குறைத்தே செய்வார் ஆசாரி. வறட்டியும் விறகும் அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கி வட்டையையும் ஆரக்காலையும் ஒரே நெருக்காக நெருக்கும்போது மரம் முனகுவது கேட்கும். வளையம் பெரிதாகிப் போனால் சித்திரை வெயிலில் மரம் காய்ந்ததும் பட்டா கழன்று தனியாக ஓடும். ரொம்பச் சிறிதானால் சக்கரமே கோணிக்கொள்ளும்.

இன்றைய பேச்சு காரைப் பற்றித்தான். ஆனால் பந்தயத் தடத்தில் ஓட்டுகிற காருக்கு, அகலமான ரிம்மில் எந்த அளவு டயர் போடுவது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த ஆசாரிதான் ஞாபகத்துக்கு வருவார்.

துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு எங்கள் அக்கா மகனுக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் மதுரையிலிருந்து எட்டிப்போகக்கூடிய தடம் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. சுமார் 2.1 கிலோமீட்டர் சுற்று. ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய இடம். அங்கே போவதற்கென்று பையன் தன் காருக்கு 7 அங்குல அகல அலாய் ரிம் நாலு வாங்கிவிட்டான். கடைக்காரர் பழைய டயரையே எடுத்து அதில் மாட்டிக் கொடுத்திருந்தார்.

பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பழைய டயர் 185/65 ஆர் 15. அந்த அளவுக்கு ஏற்ற ரிம் 5-லிருந்து 6½ அங்குலம் வரைதான். 7 அங்குலத்தில் டயரின் சுவர் சாய்ந்து இழுபட்டு, ரிம்மின் உதடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வளைவில் பக்கவாட்டு இழுப்பு விழுந்தால் ரிம்மைக் கவ்வியிருக்கும் டயரின் விளிம்பு, அதாவது பீட், ரிம்மை விட்டு நழுவக்கூடும். "பார்க்க கெத்தா இருக்கு மாமா" என்றான். "இருக்கும்டா, காத்து இறங்குற வரைக்கும்" என்றேன்.

டயரின் பக்கவாட்டில் இருப்பது விசித்திரமான எழுத்து. 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று கணக்கு. நம் ஊர்க் கடையில் முழமும் மீட்டரும் சேர்ந்து புழங்குவது மாதிரி. அந்த 185-ஐயும் அப்படியே நம்பக் கூடாது. ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டி அளந்த அகலம் அது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விரியும். ரிம் குறைந்தால் அதே டயர் ஒடுங்கி, சுவர் தொந்தி போட்டுவிடும். தொந்தி போட்ட டயர் வளைவில் புரளும். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி யோசித்துத் திரும்பும்.

பந்தயக்காரர்கள் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? போர்ஷே 992 கப் காரின் முன் டயர் அளவு 30/65-18. 30 சென்டிமீட்டர் அகலம். ரிம் 12 அங்குலம், அதாவது 30½ சென்டிமீட்டர். டயரும் ரிம்மும் கிட்டத்தட்ட ஒரே அகலம், சுவர் நேராக நிற்கும். நம் ஊர் இளைஞர்கள் போடுகிற மெலிந்த டயரும் இதுவும் ஒன்றல்ல; அது அந்த ரிம்முக்காகவே செய்த டயர்.

7 அங்குலத்துக்கு என்ன போடலாம்? 205 அகலம் நன்றாக உட்காரும். 205/50 போட்டால் டயரின் மொத்த விட்டம் 621-லிருந்து 586 மில்லிமீட்டராகக் குறையும். தடத்தில் அது லாபம், வண்டி சுருக்கென்று கிளம்பும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 94-தான். தரையிலிருந்து வண்டி 18 மில்லிமீட்டர் இறங்கிவிடும்; எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கருக்கு அது தாங்காது. 205/55 என்றால் இறக்கம் 8 மில்லிமீட்டருக்குள். ஒரே வண்டியில் திங்கட்கிழமை ஆபீசுக்கும் போகவேண்டியவன் அதைத்தான் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணையும் பார்க்க வேண்டும்: 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகக் கூடாது.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. 1000 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. 30 பாயிண்ட் காற்றில் அது தரையைத் தொடுவது சுமார் 120 சதுர சென்டிமீட்டர், ஒரு கைத்தடம் அளவு. அகல டயர் போட்டாலும் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. நீளம் குறைந்து குறுக்கே விரியும். வளைவில் அது உதவும், சரி. ஆனால் பிடிப்பது ரப்பர்தான். 10 மில்லிமீட்டர் கூடக் கிடைக்கிறதென்று கட்டை ரப்பரை வாங்குகிறவர்கள் என் கணக்கில் ஏமாளிகள். சில டயர்களில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் ஒட்டும், சீக்கிரம் தேயும். 400-க்கு மேல் என்றால் நாள்பட உழைக்கும், ஒட்டாது. நல்ல ரப்பர் ஓர் அளவு குறைவாகத்தான் கிடைக்கிறதா, ரிம் அதை ஏற்கிறதா, அதையே வாங்குங்கள்.

மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் டயர் தொழிற்சாலை இருந்தும், அங்கே பெயர்பெற்றது இருசக்கர, மூன்று சக்கர டயர்கள்தான். பையனுக்கு வேண்டிய 205/55-க்கு இரண்டு வாரம் காத்திருந்தோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் கிளம்பி திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகச் செட்டிபாளையம். தடத்தில் இறங்குமுன் ஒரு சாக்பீஸ் எடுத்து, தரையில் உருளும் பட்டனின் ஓரத்திலிருந்து சுவர்வரை ஒவ்வொரு டயரிலும் ஒரு கோடு இழுத்தேன். மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து நின்றான். ரப்பர் வாசனை. டயரைத் தொட முடியவில்லை. காற்று 30-லிருந்து 36-க்கு ஏறியிருந்தது. குனிந்து பார்த்தால், முன் டயரின் ஓரத்தில் சாக்பீஸ் அழியாமல் அப்படியே இருக்கிறது. அந்த ஓரம் தரையையே தொடவில்லை.

"அப்படின்னா என்ன மாமா?"

"காத்து அதிகம். 4 பாயிண்ட் இறக்கு."

இறக்கிவிட்டு மறுபடி கோடு போட்டோம்.