விமானத்தைப் பறக்க வைப்பது யார்?

(மானாம்பதித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விமானத்தில் ஏறாத நமக்கு விமானக் கம்பெனியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நமது மாவட்டத்துப் பரந்தூரில் விமான நிலையம் கட்ட 2022இல் இடம் குறித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடினார்கள். விமானத் தொழில் நம் வரப்பு வரை வந்துவிட்டது. அந்தத் தொழிலில் உழைப்பவர்களை நிர்வாகம் எப்படி நடத்துகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பு லேபர் ஆபீசர் பார்த்த வேலைக்கு இன்று ‘மனிதவள நிர்வாகம்’ என்று பெயர். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: யாருக்கு எவ்வளவு கூலி, யாருக்கு எப்போது பதவி உயர்வு, யாருக்கு எவ்வளவு ஓய்வு?

1953இல் சர்க்கார் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு கார்ப்பரேஷன்கள் ஏற்பட்டன. 2007இல் இரண்டையும் இணைத்தார்கள். காகிதத்தில் இணைப்பு முடிந்தது. மனிதர்கள் இணைந்தார்களா? இல்லை. கம்பெனி ஒன்று, சம்பள முறை இரண்டு. ஒரே வயலில் இறங்கி ஒரே நாற்றை நடுகிற இருவருக்கு இரண்டு கூலி கொடுத்தால் சண்டை வராதா?

வந்தது. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு 10 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்துச் செய்தது. தலைவர்களை வேலைநீக்கம் செய்து, பிறகு திரும்ப எடுத்தது. 2012இல் புதிய டிரீம்லைனர் விமானத்தில் பயிற்சி யாருக்கு என்ற தகராறு. பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், தோழர்களே! இந்தப் போராட்டத்தில் தொழிலாளிக்கு எதிரே தொழிலாளியே நின்றான். அப்படி நிற்க வைத்தது, ஐந்தாண்டு தீர்க்காமல் போட்ட பிரச்னை. சம்பளத்தையும் பதவியையும் சீராக்க நீதிபதி தர்மாதிகாரி கமிட்டி அமைத்ததே 2011இல்தான். கல்யாணம் முடிந்து நாலு வருஷம் கழித்துப் பொருத்தம் பார்த்த கதை!

நஷ்டத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. 111 புதிய விமானங்களுக்காக வாங்கிய கடனும் கழுத்தை நெரித்தது. கடைசியில் 2022 ஜனவரியில் கம்பெனி டாட்டாவின் கைக்குப் போயிற்று. விலை 18,000 கோடி ரூபாய். அதில் சர்க்காருக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. மீதி கடன் பொறுப்பு.

“சர்க்கார் கம்பெனி, அதனால்தான் கெட்டது” என்பார்கள். தனியார் கம்பெனியான இண்டிகோவைப் பாருங்கள். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் விமானம் இறக்கும் தடவைகளைக் குறைத்து விதி வந்தது. அதற்கேற்ற ஆள் ஏற்பாடு போதவில்லை. 2025 டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து! பிரயாணிகள் தவித்தார்கள். பரிகாரம் என்ன? விதியிலிருந்து தற்காலிக விலக்கு! விமானியின் ஓய்வுதான் முதலில் பலியாயிற்று.

இரண்டு ஷிப்டு ஆளை வைத்து மூன்று ஷிப்டு ஓட்டினால் ஆலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நூல் அறும், விரல் போகும். விமானத்தில் தூக்கம் கெட்டவன் கையில் நூற்றுக்கணக்கான உயிர்கள்.

ஆகவே, ஆலை கைமாறினாலும் கம்பெனிகள் இணைந்தாலும் முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள்: கூலி என்ன? சீனியாரிட்டி என்ன? ஓய்வு என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய ஆள், புதிய ஆள் என்று பிரிந்து நின்று கேட்காதீர்கள். விமானிகள் பட்டது நமக்குப் பாடமாகட்டும். ஒன்றாக நின்று கேட்போம்!