வாழ்ந்த ஆண்டுகளும் வதியும் உரிமையும்



இன்று வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிப் பேசாத வீடு அரிது. எந்த நாட்டுக்குப் போகலாம், எத்தனை இலட்சம் செலவாகும், எந்த முகவர் கெட்டிக்காரர் என்று விசாரிப்போர் பலர். போன பின்னர் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கப்போகிறோம், அந்த நிலை எத்தனை ஆண்டில் உறுதிப்படும், எதனால் அது முறிந்துபோகும் என்று விசாரிப்போர் மிகச் சிலர்.

பிறநாடொன்றிற் புகுவதற்கு அனுமதி போதும். அங்கே நிலைத்து வாழ்வதற்கு உரிமை வேண்டும். அனுமதி அரசு தருவது. தந்த அரசே அதனைக் குறைக்கலாம், நிறுத்தலாம். உரிமையோ சட்டத்தில் வேரூன்றியது; அதனைப் பறிக்க முனையும் அரசு நீதிமன்றத்திலே விடை கூறியாக வேண்டும். முன்னதிலிருந்து பின்னதை அடைவது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள பிரித்தானியாவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

திறந்திருந்த கதவு

ஒரு காலத்தில் அந்நாட்டின் கதவு நமக்குத் திறந்தே இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரித்தானிய நாட்டினச் சட்டம் 1949 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கைப் பிரசை ஒருவர் பொதுநலவாய நாட்டவர் என்ற தகுதியில் விசா எதுவுமின்றி அங்கு சென்று, தொழில் செய்து, விரும்பியவரை வாழலாம். நமது மருத்துவரும் கணக்காளரும் சட்டம் பயிலச் சென்ற மாணவரும் அவ்வாறே சென்றனர்.

1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. அவ்வாண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம், தொழில் தேடிச் செல்வோருக்குத் தொழில் அமைச்சின் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பின்னர் வந்த 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 1973 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பிறப்பாலோ பெற்றோராலோ பிரித்தானிய மண்ணோடு தொடர்புடைய பொதுநலவாய நாட்டவர் தங்குதடையின்றி வதியலாம். ஏனையோர் அனுமதி பெற்றே இருக்கவேண்டும் என அது வகுத்தது. இன்றைக்கும் அந்நாட்டின் குடிவரவு முறைக்கு அடித்தளம் அச்சட்டமே.

அச்சட்டத்தின் இரண்டு பிரிவுகளை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அங்கு நிலையாகக் குடியிருந்தோர் யாவரும் காலவரையறையற்ற அனுமதி பெற்றவராகக் கொள்ளப்படுவர் என்பது ஒன்று. ஒருவர் தாம் பிரித்தானியக் குடிமகன் என்றோ, சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உடையவர் என்றோ கூறினால், அதனை நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்பது மற்றொன்று. முதலாவது பிரிவு உரிமையைக் கொடுத்தது. ஆனால் அதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுச் சீட்டேனும் கொடுக்கவில்லை. இரண்டாவது பிரிவு அத்தாட்சி கேட்டது. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர் பட்ட துன்பத்தை உலகம் நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே கண்டது.

சீட்டில்லாதோர் பட்ட பாடு

1948 யூன் மாதத்தில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னுங் கப்பல் கரிபியன் தீவுகளிலிருந்து பல நூறு பேரை ஏற்றிக்கொண்டு தில்பெரித் துறையை அடைந்தது. அவர்களும், பின்வந்தோரும், பெற்றோரின் கடவுச்சீட்டிற் பெயர் எழுதப்பெற்று வந்த பிள்ளைகளும் அந்நாட்டிலேயே படித்து, உழைத்து, வரி செலுத்தி முதுமையடைந்தனர். தமக்கு உரிமை உண்டென்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. சட்டப்படி அது உண்மையுங்கூட.

2014, 2016ஆம் ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்கள் நிலைமையை மாற்றின. வீடு வாடகைக்கு விடுபவரும், வங்கியும், வேலை தருபவரும் குடிவரவு நிலையைச் சோதிக்கவேண்டுமெனச் சட்டம் பணித்தது. சீட்டுக் காட்ட இயலாத முதியோர் வேலை இழந்தனர், வீடிழந்தனர், இலவச வைத்தியம் மறுக்கப்பட்டனர். வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆவணம் காட்டு என்றது உள்நாட்டமைச்சு. அவர்கள் வந்திறங்கிய நாளை மெய்ப்பிக்கக்கூடிய இறங்குதுறை அட்டைகளை அதே அமைச்சு 2010ஆம் ஆண்டிலேயே அழித்துவிட்டிருந்தது! குறைந்தது 83 பேர் நாட்டிலிருந்து அகற்றப்பட்டனர் என்பதை அரசாங்கமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரிலில் உள்நாட்டமைச்சர் அம்பர் ரட் பதவி துறந்தார். 2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் அம்மையாரின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அதன் முன்னரே அகற்றப்பட்டோருட் சிலர் அந்நிய மண்ணில் இறந்துவிட்டனர்.

இதனால் நாம் அறிவது யாது? வாழ்ந்த ஆண்டுகள் தாமே பேசா. அவற்றுக்காகப் பேசுவது ஆவணம்.

நம் நாடு கற்பித்த பாடம்

இது நமக்குப் புதிய பாடமன்று. பிரித்தானியாவுக்குப் பல ஆண்டுகள் முன்பாகவே இலங்கை இப்பாடத்தைக் கற்பித்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழ் மக்களை நாடற்றோராக்கியது. மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுக்கு ஒரு வாயிலைத் திறப்பதுபோலத் திறந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும் என்றது அச்சட்டம்.

லயத்திற் பிறந்து லயத்தில் வாழ்ந்த தொழிலாளி எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? உறவினரைக் காண இந்தியா சென்றுவந்த பயணமே பலருக்கு வதிவு முறிந்ததன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. நீதி தேடி இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற வழக்கும் 1953ஆம் ஆண்டில் தோற்றது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை இம்மக்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! தம் சொந்த நாட்டிலேயே இத்தனை பாடுபட்ட ஓர் இனம், பிறநாட்டில் ஆவணத்தை அலட்சியஞ் செய்யலாமா?

நான்கு படிகள்

இனி, பிரித்தானியாவில் நிலைபெறும் வழியை நோக்குவோம். அது நான்கு படிகளை உடையது: நுழைவதற்கான விசா, காலவரையறையுள்ள அனுமதி, காலவரையறையற்ற அனுமதி, குடியுரிமை என்பன அவை. முதலிரண்டு படிகளில் நிற்பவர் விருந்தினர். மூன்றாம் படியில் நிற்பவர் குடியிருப்பாளர். நான்காம் படியில் நிற்பவரே கடவுச்சீட்டுப் பெற்று அந்நாட்டவராகிறார். நாம் இங்குக் கூறுவன 2025ஆம் ஆண்டு முடிய நடைமுறையிலிருந்த விதிகளாம்.

தொழில் வழியே சென்றவர் உரிமம் பெற்ற தொழில்தருநரின் கீழ் ஐந்தாண்டு பணிபுரிந்து மூன்றாம் படிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்தாண்டில் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றிருத்தல் கூடாது. வாழ்க்கைத் துணையாகச் சென்றவருக்கும் பொதுவாக ஐந்தாண்டே. ஆயின் 2024 ஏப்ரில் தொடக்கம் புதிதாக விண்ணப்பிக்கும் குடும்பம் ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானங் காட்ட வேண்டியதாயிற்று. அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் ஐந்தாண்டு அனுமதியின் பின் நிலைபேறு கிடைத்துவந்தது. ஆனால் அகதிக்கெனத் தனி விசா இல்லை. அந்நாட்டு மண்ணில் நின்றே அடைக்கலம் கோரவேண்டும். 1985 மே மாதத்தில், நம்மவர் உயிர் காக்க ஓடிய வேளையில், பொதுநலவாய நாடுகளுள் முதலாவதாக இலங்கையர்மீதே பிரித்தானியா விசாக் கட்டுப்பாட்டை விதித்தது என்பதையும் நாம் மறந்துவிடவில்லை.

தொழில் வழியிலுள்ள பேரிடர் ஒன்றை இளைஞருக்குச் சொல்லியாக வேண்டும். 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்புத் தொழிலுக்கு விசா திறந்துவிடப்பட்டது. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் முகவருக்குப் பணங் கொடுத்துச் சென்றோர் உண்டு. 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தாரை அழைத்துச் செல்வது தடுக்கப்பட்டது. 2025 யூலை 22ஆந் திகதி வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் வழியே மூடப்பட்டது. தொழில்தருநர் உரிமத்தை இழந்தாற் பணியாளரின் நிலை என்ன? வேறொரு தொழில்தருநரைத் தேடிக்கொள்ள வழமையாகக் கிடைப்பது 60 நாளே. ஈடுவைத்த காணியை அறுபது நாளில் மீட்க முடியுமா? வேலையை விலைக்கு விற்பவன் விற்பது உரிமையை அன்று, பிறர் கையிலுள்ள ஒரு கயிற்றின் நுனியையே.

நடுவழியில் மாறும் விதி

படிகளில் ஏறுகையிலேயே படிகளின் உயரம் மாறுவதுண்டு. 2006 ஏப்ரிலில் தொழில் வழியினரின் தகுதிக் காலம் நான்காண்டிலிருந்து ஐந்தாண்டாக்கப்பட்டது. 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கை ஐந்தைப் பத்தாக்க முன்மொழிந்தது. அவ்வாண்டு நவம்பரில், அகதியரின் நிலையை முப்பது மாதத்துக்கொருமுறை மீளாய்வதாகவும் அவர் நிலைபெறும் காலத்தை இருபதாண்டாக்குவதாகவும் அரசு அறிவித்தது. இவற்றுள் எவை எந்நாளில் யாரைப் பற்றும் என்பதை விண்ணப்பிக்கும் வேளையில் விதிகளைப் பார்த்தே தெளிய வேண்டும்.

நீதிமன்றம் இதில் என்ன சொல்லியிருக்கிறது? நைஜீரிய மருத்துவர் ஒருவர் விண்ணப்பஞ் செய்து காத்திருக்கையில் விதி மாறிற்று. விதிகளில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, முடிவெடுக்கும் நாளில் உள்ள விதியே செல்லும் என 2009ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மறுபுறம், உயர் திறனாளர் திட்டத்தின்கீழ் வந்தோர் ‘எச்.எஸ்.எம்.பி. ஃபோரம்’ என்ற அமைப்பாகத் திரண்டு வழக்குத் தொடுத்தனர். அரசு தன் வழிகாட்டு நூலிலே கொடுத்த வாக்கை நம்பி வந்தோர்மீது மாற்றிய நிபந்தனையைச் சுமத்துதல் நேர்மையற்றது என 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கூறியது. நான்காண்டு ஐந்தாண்டாக்கப்பட்டதும் முன்னர் வந்தோரைப் பற்றாது என 2009ஆம் ஆண்டில் மீண்டும் கூறியது. இரு வழக்குகளுக்கும் வேறுபாடு எங்கே? அரசு எழுத்திற் கொடுத்த வாக்கு பின்னையோரிடம் இருந்தது. அவ்வெழுத்தை எடுத்துக்காட்டி வழக்காடும் ஒற்றுமையும் இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வந்த நாள் முதல் ஒவ்வோர் ஆண்டுக்குமான சான்றைப் பேணுக. பழைய கடவுச்சீட்டை எறியாதீர். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வாடகை உடன்படிக்கை, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், வைத்தியரின் பதிவு ஆகிய யாவும் நாளை சாட்சியாகும். 2024 முடிவோடு வதிவு அட்டைகள் போய், நிலையைக் கணினிப் பதிவிற் காட்டும் முறை வந்துள்ளது. ஆகவே சொந்தக் கையில் ஒரு பிரதி வைத்திருப்பது முன்னிலும் அவசியம்.

இரண்டாவது, வெளிநாடு சென்ற நாளையும் மீண்ட நாளையும் குறித்துவைப்பீர். காலவரையறையற்ற அனுமதி பெற்றவரும் தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் வெளியே நின்றால் அது அற்றுப்போகும்.

மூன்றாவது, அனுமதி முடியுமுன்னரே அடுத்ததற்கு விண்ணப்பிப்பீர். உரிய வேளையில் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை சட்டப்படி நீடிக்கும். ஒரு நாள் பிந்தியவருக்கு அப்பாதுகாப்பு இல்லை.

நான்காவது, சட்டத் தகுதி உடையவரிடமே ஆலோசனை கேளுங்கள். தகுதியோ பதிவோ இன்றி அந்நாட்டிற் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஐந்தாவது, மூன்றாம் படியிலேயே நின்றுவிடாதீர். பிற குடியுரிமை பெற்றவர் இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பர் என்பது நமது சட்டம். ஆயினும் அதனை விண்ணப்பித்துத் தக்கவைக்கவோ மீளப் பெறவோ 1987ஆம் ஆண்டின் திருத்தம் இடந்தருகின்றது. இரட்டைப் பிரசாவுரிமை உடையவர் 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தத்தின்படி பாராளுமன்ற உறுப்பினராக முடியாது; வாழ்வதற்கோ வாக்களிப்பதற்கோ தடையில்லை.

இவை தனியொருவர் செய்பவை. சமூகமாக நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அங்குள்ள ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கைக் குடிவரவு உதவிக்கு ஒதுக்குக. முதியோரின் பத்திரங்களைத் தேடி ஒழுங்குசெய்ய இளைஞர் முன்வருக. 1973க்கு முன் சென்று குடியேறிய இலங்கையரும் விண்ட்ரஷ் திட்டத்தின் கீழ் அத்தாட்சி கோரலாம் என்பதை அறியாத பெரியவர் இருப்பின், அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அன்பர்களே! ஒரு நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து உழைத்தவருக்கு அந்நாட்டில் நிலைத்திருக்கும் உரிமை வேண்டும் என்பது நமது கொள்கை. அக்கொள்கையை இலண்டனிற் கேட்கும் நாம் அட்டனிலும் பதுளையிலும் மறவாதிருத்தல் வேண்டும். மலைநாட்டில் இன்றும் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதியின்றி லயன் அறைகளில் வாழும் மக்கள் உளர். அவர்களுடைய கோரிக்கையும் பிரித்தானியாவில் நம் பிள்ளைகள் எழுப்பும் கோரிக்கையும் ஒன்றே: வாழ்ந்த ஆண்டுகளைச் சட்டம் மதிக்கட்டும். சட்டம் மதிக்கும்வரை, நாம் நம் ஆண்டுகளை எழுத்திலே காத்துவைப்போம்; ஒருவருக்கொருவர் சாட்சியாக நிற்போம்.