பதில் வந்த பிறகு



எதையும் அப்படியே நம்பாதே, கேள்வி கேள் என்று பட்டம் பெறும் உங்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தேவையான பாடம். ஆனால் அது ஒன்றே உங்களைச் சதிக் கதைகளிலிருந்து காக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஏன் இந்த ஊசி, ஏன் பள்ளியில் வைத்து, இதில் யாருக்கு லாபம்? வகுப்பறையில் நாம் பாராட்டும் கேள்விகள்தாம் இவை.

இத்தகைய அச்சம் புதிதல்ல. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் வெறும் 12 குழந்தைகளை வைத்து ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, தட்டம்மை–பொன்னுக்குவீங்கி–ரூபெல்லா (எம்.எம்.ஆர்.) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் அம்பலப்படுத்தினார். டென்மார்க்கில் 5 லட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த முடிவு, அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. 2010இல் ‘லான்செட்’ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நம்பியவர்களில் பலருக்கோ, அது திரும்பப் பெறப்பட்டதே சதிக்குச் சான்றாகிவிட்டது. யாருக்கு லாபம் என்று டீரும் கேட்டார், அந்தக் கட்டுரையை நம்பியவர்களும் கேட்டார்கள். ஆனால் டீர், கட்டுரையில் இடம்பெற்ற குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளோடு அதை ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தியிருந்தால் அவருடைய குற்றச்சாட்டு அங்கேயே விழுந்திருக்கும். எந்தச் சான்று கிடைத்தால் என் ஐயம் தீரும் என்று முன்கூட்டியே சொல்லத் துணியாதவர், எத்தனை கேள்வி கேட்டாலும் ஆராய்பவர் ஆகமாட்டார். இந்தத் துணிவைத் தேர்வு வைத்து வரவழைக்க முடியாது. சிந்தனைப் பயிற்சியின் எல்லை அங்கேதான் இருக்கிறது.

உண்மையிலேயே சதிகள் நடந்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, பெனிசிலின் வந்த பிறகும், சிஃபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களை அரசின் சுகாதாரத் துறையே சிகிச்சையின்றி விட்டுவைத்தது. அந்தக் கொடுமையை வெளிக்கொணர்ந்தது, அத்துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் பத்திரிகைக்குத் தந்த தகவல். டஸ்கிகீயை அறிந்தவர்கள் மருத்துவத்தை ஐயுறும்போது அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது அநியாயம்.

எல்லாவற்றையும் தானே சோதித்துப் பார்க்க எவராலும் முடியாது. பாலம் கட்டும் பொறியாளர் தடுப்பூசி விஷயத்தில் பிறரை நம்பித்தான் ஆகவேண்டும். ஆகவே, அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக இருக்கும் பொறுப்பு பதவியில் இருப்பவர்களுடையது. நாளை அது உங்களுடையது. ஊசி போட்ட பிறகு ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அதை மறைக்காமல் பதிவு செய்து, விசாரித்து, தெரியவந்ததை அந்தத் தாயிடம் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். அடுத்த வதந்தி வருவதற்கு முன்பே சொல்லுங்கள்.