ஐம்பது சொற்களால் அடைத்த கதவு

 

முப்பதாண்டுகளாக மாணவர்க்குச் சொல்வதெழுதுதல் நடத்தி வருபவன் நான். பிள்ளை பிழையின்றி எழுதிவிடல் வேண்டும் என்பதே ஆசிரியன் வேட்கை. எவனும் தேறிவிடலாகாது என்றே வைக்கப்பெற்ற சொல்வதெழுதுதல் ஒன்றும் உலகில் இருந்தது.

ஆத்திரேலியா 1901-இல் குடிவரவுத் தடைச்சட்டம் இயற்றியது. வெள்ளையரல்லாதார் நுழையலாகாது என்று அதில் வெளிப்பட எழுதவில்லை. துறைமுகத்தில் அலுவலர் ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களைப் படிப்பார். வந்தவன் கேட்டவாறே எழுதிக்காட்டல் வேண்டும். எம்மொழி என்பதைத் தெரிபவர் அலுவலரே. ஆங்கிலம் கற்றுவந்த ஆசியனுக்கு வேறொரு மொழி காத்திருக்கும்! 1909-க்குப் பின் ஒருவரேனும் தேறினாரிலர்.

வேண்டாத வெள்ளையர்க்கும் இதே கதவுதான். 1934-இல் பிராகு நகரத்து எழுத்தாளர் எகான் கிசு வந்தார். பாசிசத்தை எதிர்த்தவர், பன்மொழி அறிந்தவர். அவருக்கு இசுக்காட்லாந்தின் கேலிக்கு மொழியில் தேர்வு வைத்தனர்! வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. கேலிக்கு, அச்சட்டம் கருதிய ஐரோப்பிய மொழியன்று எனத் தீர்ப்பாயிற்று. கிசு விடுபட்டார். ஒருவனைத் துரத்த எடுத்த மொழியோ மன்றத்தில் தன் மதிப்பை இழந்து நின்றது. இசுக்காட்லாந்தார் சினந்ததில் வியப்பென்ன? நம் மொழிக்கு நேர்ந்திருப்பின் நாம் வாளா இருப்போமா?

1958-இல் இத்தேர்வு ஒழிந்தது. வெள்ளை ஆத்திரேலியக் கொள்கை 1973-இல் முடிந்தது. பின்னர் ஈழத்தமிழரும் அங்குக் குடியேறித் தம் மக்கட்குத் தமிழ்ப்பள்ளி நடத்துகின்றனர். ஆயினும் 2007 முதல் குடியுரிமைக்கு ஆங்கிலத்தில் தேர்வு உண்டு. 2017-இல் அதனினும் கடிய ஆங்கிலத் தேர்வைக் கொணர அரசு முயன்றது. மேலவையில் அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருப்பின், தொழிற்சாலையில் உழைத்துக் களைத்த ஏதிலித் தாயொருத்தி எத்தனை முறை அதை எழுதியிருப்பாள்?