அயல்கூட்டமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



வேலை என்றவுடன் நம் காலனியில் இரண்டே பேச்சுத்தான். ஒன்று ரயில்வே பரீட்சை. மற்றொன்று சாலைக் கடைத்தெருவில் உறவினர் கடை. இரண்டிலும் இடம் கிட்டாத பிள்ளை சில காலம் வீட்டிலிருக்கிறான். பெண்ணாயின் வீட்டோடேயே இருந்துவிடுகிறாள். ஆனால் கேரள அரசாங்கம் பொதுப்பணத்தைச் செலவிட்டு நம் தெருவிலேயே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. குடும்பஸ்ரீ என்பது அதன் பெயர். 1998-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் அவர்கள் தொடங்கி வைத்தது.

அதன் அமைப்பு எளிது. அக்கம்பக்கத்துப் பத்து முதல் இருபது வீடுகளில் வீட்டுக்கொரு பெண்மணி சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரந்தோறும் கூடிச் சிறுதொகை சேமிப்பர். அதிலிருந்தே கடனும் பெறுவர். இக்கூட்டங்களுக்கு மேல் வார்டுக்கு ஓர் அமைப்பும், அதற்கு மேல் நகரத்துக்கான அமைப்பும் உண்டு. தொழிற்பயிற்சியும் வங்கிக் கடனும் இந்தப் படிகள் வழியாகவே இறங்கி வருகின்றன. கூட்டத்தில் இல்லாதார் காதில் அச்செய்தி விழுவது அரிது. 2021-இல் 18 முதல் 40 வயதுள்ள பெண்களுக்கெனத் துணைக் குழுக்களும் ஏற்பட்டன. ஆகவே மாமியார் உறுப்பினராயுள்ள வீட்டில் மருமகளுக்கும் இடமுண்டு.

அப்பளமும் ஊறுகாயும் போடும் வேலைதானே என்பார் உளர். 2017-இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது பயணச்சீட்டுக் கொடுக்கவும் நிலையங்களைப் பேணவும் அமர்ந்தவர்கள் குடும்பஸ்ரீப் பெண்களே. ரயில்வேக்காரர்களாகிய நமக்கு அது சற்று உறைக்கவே செய்தது!

‘அங்கே மலையாளத்தில் அல்லவா பேசுவார்கள்’ என்று நம் பெண்டிர் தயங்குகின்றனர். சாலையில் காய்கறிக்குப் பேரம் பேசும்போது வராத கூச்சம் அயல்கூட்டத்தில் மட்டும் எதற்கு? எழுதுவதற்கு அஞ்சுவோர்க்கும் ஒரு செய்தி: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம்.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.டி.ஐ. முடித்தவர்களை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே அப்ரண்டிஸ்களாக உதவித்தொகையுடன் எடுக்கிறது. இதற்கு எழுத்துத் தேர்வில்லை. பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண்களே கணக்கு. பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் வாக்களிக்கவில்லை. ஆயினும் முதல்நிலைப் பணியிடங்களில் நூற்றுக்கு 20 இவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பொதுப் பிரிவினர்க்கு வயது வரம்பு 24. பரீட்சைமேல் பரீட்சை எழுதி அந்த வயதைக் கடந்துவிட்ட பிள்ளைகளை நம் வரிசை வீடுகளிலேயே எண்ணலாம். இவ்வாண்டு பத்தாவது தேறியோரைப் பெற்றவர்கள் இப்போதே சாக்கை அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்க வேண்டுகிறோம்.