‘நெகட்டிவ்’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



“எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் எதுக்குடா கேன்சரைப் பத்திப் பேசறே?” என்று என் அறை நண்பன் நேற்றே கேட்டுவிட்டான். ஆய்வுக்கூடங்களில் பி.சி.ஆர். இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். இன்னொரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வேர், எச்.பி.வி. என்ற பாப்பிலோமா வைரஸ். ஜெர்மனியின் ஹெரால்ட் சூர் ஹாசன் குழுவினர் புற்றுத் திசுவில் அதன் 16-ஆம் வகையை 1983-லும், 18-ஆம் வகையை 1984-லும் கண்டறிந்து வெளியிட்டார்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த நோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம்.

நோயாளியிடம் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ‘பிளாக்’ ஆக்கி அலமாரியில் வைப்பார்கள். பல வருஷம் கெடாது. ஆனால் திசுவின் உருவத்தைக் காக்கிற அதே ஃபார்மலின், உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். கரையான் அரித்த நோட்டுப் புத்தகம் மாதிரி! முழு வாக்கியம் தேடினால் கிடைக்காது. ஒற்றைச் சொல் தேடினால் கிடைக்கும். 450 எழுத்து நீளத்தைத் தேடும் சோதனை தோற்கிற இடத்தில், 65 எழுத்தைத் தேடும் சோதனை ஜெயிப்பது இதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வுக்கூடத்தில், “பழைய பிளாக் எல்லாம் நெகட்டிவ் காட்டுது, மெஷினைப் பாருங்க” என்றார்கள். வெப்பநிலை அளந்தேன், எல்லாம் சரி. “மெஷின் நல்லாருக்கு, அப்போ ரிசல்ட்டும் சரிதான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த டாக்டரம்மா சிரித்தார். “தம்பி, மனுஷ ஜீன் பீட்டா குளோபினே இதுல வரலை. அது மனுஷத் திசுவில் கட்டாயம் இருக்கணும். அதுவே வரலைன்னா வைரஸ் இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க? ‘சோதனைக்கு லாயக்கில்லை’ன்னுதான் எழுதணும்.” அறிக்கையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. ஒரு பிளாக்கை வெட்டிய பிளேடால் அடுத்ததை வெட்டினால், இல்லாத வைரஸ் இருப்பதாகக் காட்டும். அதனால் பிளாக்குக்கு ஒரு பிளேடு. இடையிடையே திசுவே இல்லாத வெறும் மெழுகையும் வெட்டிச் சோதிப்பார்கள்.

1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 22 நாடுகளின் 932 புற்றுத் திசுக்களில் 93 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. 66 மட்டும் நெகட்டிவ். ‘வைரஸ் இல்லாமலும் இந்த நோய் வருமோ?’ என்ற சந்தேகம் எழுந்தது. அந்த 66-ல் 55-ஐ மறுபடி சோதித்தார்கள். முதல் சீவலையும் கடைசிச் சீவலையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்று இருப்பதை உறுதிசெய்து, நடுச் சீவல்களைப் பி.சி.ஆருக்குக் கொடுத்தார்கள். வைரஸ் நம் செல்லின் டி.என்.ஏ.வோடு இணையும்போது எல்1 ஜீனைத் தொலைக்கலாம். முன்பு தேடியது அதைத்தான். புற்றுக்குத் தேவையான இ7 தங்கிவிடும். இந்த முறை அதையும் தேடினார்கள். 1999-ல் வந்த புதிய கணக்கு: 99.7 சதவீதம்! தேடின விதம்தான் தப்பு.

இதன் பலன் பெரிது. வைரஸ் இல்லாமல் இந்த நோய் அநேகமாக வராது என்றால், வைரஸைத் தேடியே நோயை முன்கூட்டிப் பிடிக்கலாம்.

இப்போது அந்த இன்னொரு காரணம். நான் இங்கே இரண்டாம் ஆண்டு படித்தபோது என் பெரியம்மா இந்த நோயில் போனார். உதிரப் போக்கை வெட்கப்பட்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. துறைத் தலைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் லீவு கொடுத்தார், இன்றும் மறக்கவில்லை.

நண்பர்களே, 30 வயது தாண்டிய வீட்டுப் பெண்களை எச்.பி.வி. சோதனைக்கு அழைத்துப் போங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெட்கத்தை நாம் விட்டால், அவர்களும் விடுவார்கள்.

தம்பி தங்கைகளே, மீட்டர் பூஜ்யம் காட்டினால், முதலில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நம் லேபில் முதல் நாள் சொல்லித்தந்த பாடம் அது. எனக்குப் புரியத்தான் பல வருஷம் ஆயிற்று.