எழுபதாவது வளைவுக்கு அப்பால்

கொல்லிமலை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துவிட்டால், அங்கிருந்து சாலை மடிந்து மடிந்து மேலேறுகிறது. வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறி, கடைசி வளைவில் படம் எடுத்துக்கொண்டு, கையோடு இறங்கிவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செல்கிறவர்கள் கொல்லிமலையின் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதே என் கருத்து.

மலையின் அமைப்பே இதற்கு முதல் சான்று. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலை, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, உச்சியில் அகன்ற மேட்டுநிலமாக விரிகிறது. பக்கச் சரிவு அவ்வளவு கடுமையாக இருப்பதால்தான் சாலைக்கு இத்தனை வளைவுகள் தேவைப்பட்டன. ஏறி முடித்த இடத்தில் நம்மை எதிர்கொள்வது வயலும் ஊரும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று வழங்கும் பகுதிகளில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வருகிறார்கள். பள்ளத்தில் நெல், மேட்டில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏறும் மிளகுக்கொடி, நிழலில் காபி. சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பல, கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளிக்கு மாறின. அந்தச் சிறுதானியங்களைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுவே. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் விழாவும் நடக்கிறது. இவ்வளவு நீண்ட மனித வாழ்வைச் சாலையின் வளைவுகளில் பார்க்க முடியாது.

வண்டியை நிறுத்திச் சற்று நடந்தால் மலை இன்னும் விளங்கும். சீக்குப்பாறை காட்சிமுனையில் நின்றால், மேட்டுநிலம் சட்டென்று முடிந்து சமவெளி விரியும் விளிம்பு தெரியும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகின்றன. மலைமேல் அமைதியாக ஓடிவரும் ஐயாறு அங்கே ஏறத்தாழ 300 அடி விழுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையை நோக்கிப் போகிறது. மேலே வயல், விளிம்பில் அருவி, கீழே சமவெளி என்ற தொடர்பை அந்தப் படிகளில் இறங்குகிறவர் தம் கால்களாலேயே அறிந்துகொள்கிறார்.

ஊட்டி, கொடைக்கானல்போல இங்கே பார்ப்பதற்குப் பெரிதாக என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சுற்றுலாவுக்கென்று வளர்த்தெடுத்த ஊர்களின் அளவுகோல் இதற்குப் பொருந்தாது. உழவர்களின் மலையை உழவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயதானவர்களால் படி இறங்க முடியாதே என்பது நியாயமான கேள்வி. இறங்குவதைவிட ஏறி வருவது கடினம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் கோயில் வரை வண்டி போகும். சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மிளகும் வாங்கியபடி விவசாயிகளோடு பேசலாம். அதற்கு எந்தப் படியும் ஏற வேண்டாம். கூட்டம் பெருகினால் மலை கெட்டுவிடாதா என்பது எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். கெடும்தான். ஆனால் வளைவுகளுக்காக மட்டும் வந்து திரும்பும் வண்டி மலைக்குப் புகையையும் குப்பையையுமே விட்டுச் செல்கிறது. தங்கி, நடந்து, விளைபொருள் வாங்குகிறவரால் அங்குள்ள குடும்பங்களுக்கு வருமானமாவது கிடைக்கிறது.

ஆகவே நேயர்களே, விடியற்காலையில் புறப்படுங்கள். வளைவுகளில் மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். திரும்பும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். சாலைக்குச் செலவிடுவதைவிட இருமடங்கு நேரத்தை மேட்டுநிலத்துக்கு ஒதுக்குங்கள். அப்போதுதான் கொல்லிமலையைப் பார்த்தோம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.